வெங்காயத்தாள் வளர்ப்பு: வேர்க்கட்டையிலிருந்து அறுவடை வரை

வெங்காயத்தாள் வளர்க்க நினைக்கும் பலரும் ஒரு டம்ளர் தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறார்கள். தாளை நறுக்கியபின் மிஞ்சும் வேர்க்கட்டையைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால், இரண்டு நாளில் நடுவிலிருந்து பச்சை எட்டிப்பார்க்கும். ஒரு வாரத்தில் அரைச் சாண் உயரத்துக்கு மேல் வந்துவிடும். வெட்டிச் சமைத்தாயிற்று, சந்தோஷம். இரண்டாம் முறை வளரும்போது தாள் மெலிந்திருக்கும். மூன்றாம் முறை தண்ணீர் வாடை அடிக்கும், தாள் வெளிறித் துவளும். அதோடு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நமக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செடிக்கு வேண்டிய சத்து வெறும் தண்ணீரில் கிட்டத்தட்ட எதுவும் கிடையாது. முதல் முறை வளர்ந்ததெல்லாம் கட்டை ஏற்கெனவே சேமித்து வைத்திருந்ததைக் கொண்டுதான். அது தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுபோகிறது. அதே கட்டை மண்ணில் இருந்திருந்தால் மாதக்கணக்கில் தாள் கொடுத்திருக்கும். ஆகவே டம்ளரில் தொடங்குவதில் தவறில்லை, ஆனால் சீக்கிரம் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். அதுவும் ஒரே தொட்டியோடு நிற்காமல், இரண்டு மூன்று தொட்டிகளை முன்பின்னாக ஓட்டினால்தான் சமையலுக்குத் தட்டாமல் கிடைக்கும்.

செடியின் சுபாவம்

வெங்காயத்தாள் அடியிலிருந்து வளரும் செடி. வேர்கள் கிளம்பும் இடத்தில் ஒரு சிறிய, கெட்டியான வட்டத் தட்டு இருக்கும். இலை, வேர் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. நாம் தண்டு என்று சொல்லும் வெள்ளைப் பகுதி உண்மையில் தண்டே அல்ல. இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு நிற்பதுதான் அது. இதனால்தான் மேலே வெட்டினாலும் செடி சாவதில்லை, புது இலை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. அந்த அடித்தட்டை மட்டும் நறுக்கிவிட்டால் பிறகு எத்தனை நாள் தண்ணீரில் வைத்தாலும் பயன் இல்லை. வேர்களை ஒட்ட வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, தட்டு முழுசாக இருந்தால் புது வேர் விடும்.

வேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெங்காயத்தின் வேர் ஆழம் போகாது, அதிகம் கிளைக்காது, நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகளும் குறைவு. மேல்மண் காய்ந்தால் உடனே தவிக்கும். பக்கத்தில் முளைக்கும் களையோடு போட்டி போடவும் தெம்பு போதாது. பின்னால் சொல்லப்போகும் தண்ணீர், மண்கலவை விஷயங்களுக்கெல்லாம் இதுதான் காரணம்.

வெங்காயத்தாளில் இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. ஒன்று, நாம் சாதாரணமாகச் சமைக்கும் வெங்காயத்தையே (அல்லியம் சீப்பா) கிழங்கு திரளும் முன் இளசாகப் பறிப்பது. இன்னொன்று, கிழங்கே திரளாமல் கொத்துக் கொத்தாகப் பெருகும் அல்லியம் ஃபிஸ்டுலோசம். விதைப் பாக்கெட்டில் ‘பஞ்சிங் ஆனியன்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இதுதான். முதல் வகை, பகல் நீளும் பருவத்தில் இலை விடுவதைக் குறைத்துக் கிழங்கு கட்டப் பார்க்கும். இரண்டாம் வகை வருடக்கணக்கில் இலையாகவே ஓடும். நீண்ட காலத்துக்கு ஒரே தொட்டியை நம்ப நினைப்பவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது.

எதிலிருந்து தொடங்குவது?

மூன்று வழிகள் உண்டு: வேர்க்கட்டை, முழு வெங்காயம், விதை. மூன்றும் வெவ்வேறு வேகம், வெவ்வேறு ஆயுள். முடிந்தால் ஒரே சமயத்தில் மூன்றையும் தொடங்கிவிடுங்கள்; ஒன்று ஓயும்போது அடுத்தது கைக்கு வந்துவிடும்.

வேர்க்கட்டையில் தொடங்குவதானால், வாங்கும்போதே வெள்ளைப் பகுதி கெட்டியாகவும் வேர் ஒட்டிக்கொண்டும் இருக்கும் கட்டாகப் பார்த்து எடுங்கள். பலர் அடியில் 2 செ.மீ. மட்டும் விட்டு நறுக்குவார்கள். நான் 4 முதல் 5 செ.மீ. விடச் சொல்வேன். அந்தக் கூடுதல் வெள்ளைப் பகுதியில்தான் முதல் தளிருக்கான கையிருப்பு இருக்கிறது. கொழகொழத்த வெளித்தோலை உரித்துவிட்டு, வாய் குறுகிய டம்ளரிலோ பாட்டிலிலோ சாயாமல் நிறுத்துங்கள். தண்ணீர் வேரை மூடினால் போதும், 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம். வெள்ளைப் பகுதி முழுக்க மூழ்கினால் அழுகும், வாடை அடிக்கும். தண்ணீரைத் தினமும், இல்லாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். மாற்றும்போது வேரையும் லேசாக அலசி வழவழப்பை எடுத்துவிடுங்கள். வெளிச்சமான ஜன்னலோரம் போதும்.

ஐந்தாறு நாளில் வெள்ளை வெளேரென்று புது வேர் தெரியும். அதுதான் மண்ணுக்கு மாற்றும் நேரம். இன்னும் ஒரு வெட்டு எடுத்துக்கொண்டு மாற்றலாம் என்று தள்ளிப்போட்டால் கட்டை மெலிந்துவிடும். உண்மையில் தண்ணீர்க் கட்டமே கட்டாயமில்லை. நல்ல கட்டையை நேராக ஈர மண்ணில் ஊன்றினாலும் பிடித்துக்கொள்ளும். எந்தக் கட்டைக்கு உயிர் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் டம்ளர் உதவும்.

முழு வெங்காயத்தில் தொடங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. கூடையில் கிடந்து தானாக முளைத்த வெங்காயத்தைத் தூக்கிப் போட மனம் வராதவர்களுக்கு இது வரப்பிரசாதம். சின்ன வெங்காயம் இன்னும் சிறப்பு: ஒவ்வொன்றும் இரண்டு மூன்று தளிராவது விடும், கிழங்கில் சத்து நிறைய இருப்பதால் தாளும் தடிமனாக வரும். சின்ன வெங்காயத்தை 2 முதல் 3 செ.மீ. இடைவெளியில், வேர்ப்பக்கம் கீழே, மூக்கு மண்ணுக்கு மேல் லேசாகத் தெரியும்படி ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் தளிர் தெரியும், 3 முதல் 4 வாரத்தில் வெட்டலாம். பெரிய வெங்காயம் என்றால் பாதி வெளியே தெரியும்படி புதைத்தால் போதும். அது பூஞ்சை பிடித்துக் கொழகொழத்திருந்தால் நடாதீர்கள், தொட்டி மண்ணையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பூண்டுப் பல்லையும் இதே மாதிரி ஊன்றித் தாள் எடுக்கலாம், அது தனி மணம்.

விதை மெதுவான வழி. வெங்காய விதை கறுப்பாக, கோணல் முனைகளோடு, பார்வைக்குக் கருஞ்சீரகம் போல இருக்கும். ஆனால் கருஞ்சீரகம் வேறு குடும்பத்துச் செடி, அதை விதைத்துவிட்டு வெங்காயத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வெங்காய விதையின் உயிர்ப்பு சீக்கிரம் குறையும். ஒரு வருடம் தாண்டினால் முளைப்பு சரியும், இரண்டு வருடம் தாண்டியதை நம்பாதீர்கள். பாக்கெட்டின் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

1 செ.மீ. ஆழத்தில் விதைத்து, மேலே மண்ணை மெல்லத் தூவி, பூவாளியால் தூறல் போல நனையுங்கள். 18 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் 7 முதல் 14 நாளில் முளைக்கும். 35 டிகிரியைத் தாண்டும் சூட்டில் முளைப்பு வெகுவாகக் குறையும். நாற்று நேராக எழாது, ஊசியை வளைத்தது போல மடிந்து எழும்பும். பதற வேண்டாம், அப்படித்தான் வரும். சில நாளில் தானே நிமிர்ந்துகொள்ளும். வளைவை நிமிர்த்திவிடுகிறேன் என்று கை வைத்தால் ஒடிந்துவிடும்.

நாற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி நடுவது சலிப்பான வேலை. அதைத் தவிர்க்க ஒரு குழியில் 8 முதல் 10 விதையைச் சேர்த்துப் போட்டு, கொத்தாகவே வளர்த்துக் கொத்தாகவே பிடுங்கலாம். கொத்துக்குக் கொத்து 10 செ.மீ. விட்டால் போதும். விதைத்ததிலிருந்து பறிக்க 8 முதல் 10 வாரம் ஆகும்.

தொட்டியும் மண்ணும்

வேர் ஆழம் போகாது என்பதால் 15 முதல் 20 செ.மீ. ஆழமுள்ள எந்தப் பாத்திரமும் சரி. பழைய பக்கெட், குரோ பேக், பெயின்ட் வாளி, மரப்பெட்டி எது வேண்டுமானாலும் எடுங்கள். ஆழத்தைவிட அகலம் முக்கியம். 25 செ.மீ. அகலத் தொட்டியில் 15 முதல் 20 செடி வைக்கலாம். அடியில் ஓட்டை இல்லாத பாத்திரம் மட்டும் கூடவே கூடாது. அழகான பீங்கான் கிண்ணத்தில் நட்டு, அடியில் தண்ணீர் தேங்கி அழுகிப்போன வெங்காயத்தாள்கள் ஏராளம். ஓட்டை மேல் ஒரு ஓட்டுத் துண்டோ வலைத் துண்டோ வைத்தால் மண் ஒழுகாது.

மண்கலவை பொலபொலவென்று இருக்க வேண்டும். தோட்ட மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் (தென்னை நார்த்தூள்) ஒரு பங்கு என்பது எளிதில் ஞாபகம் இருக்கும் கணக்கு. களிமண் என்றால் ஆற்று மணலோ பெர்லைட்டோ (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) சேர்த்துக்கொள்ளுங்கள். கோகோபீட்டை ஒருமுறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேர்ப்பது நல்லது, சிலவற்றில் உப்பு தங்கியிருக்கும். கார அமில நிலை 6 முதல் 7 வரை இருந்தால் வெங்காயத்துக்கு ஏற்றது. இதற்காகத் தனியாகக் கருவி வாங்கத் தேவையில்லை, மக்கிய உரம் தாராளமாக இருந்தாலே பெரும்பாலும் சரியாக அமைந்துவிடும். அரைகுறையாக மக்கிய உரம் மட்டும் வேண்டாம். சூடு கிளம்பும், ஈக்களும் மொய்க்கும்.

வேர்க்கட்டையையும் நாற்றையும் நடுவது இப்படி:

1. நடுவதற்கு முன்னாலேயே தொட்டி மண்ணை முழுக்க நனைத்து, உபரித் தண்ணீர் வடியவிடுங்கள்.
2. ஒரு விரலாலோ பென்சிலாலோ குழி போட்டு, வேர் மேல்நோக்கி மடியாமல் இறக்குங்கள். வேர் ரொம்ப நீளமாக இருந்தால் 3 செ.மீ. விட்டு நறுக்கிவிடலாம்.
3. வெள்ளைப் பகுதியில் பாதி புதையட்டும். இலைகள் பிரியும் கவைக்கு மேல் மண் ஏறக் கூடாது.
4. செடிக்குச் செடி 4 முதல் 5 செ.மீ. விட்டு, சுற்றி மண்ணை லேசாக அழுத்துங்கள்.
5. இரண்டு மூன்று நாள் நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, அப்புறம் வெயிலுக்கு நகர்த்துங்கள்.

வெயில்

தினமும் 6 மணி நேர வெயில் கிடைத்தால் தாள் தடிமனாகவும் கரும்பச்சையாகவும் வரும். 4 மணி நேரத்திலும் வளரும், ஆனால் மெதுவாக. அதற்கும் குறைந்தால் வெளிறி, நீண்டு, சாய்ந்துவிடும். இதற்கு மிகவும் பிடித்தது 15 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பம். கடும் கோடையில் மதிய வெயிலை மட்டும் மறைத்தால் நுனி கருகாது. உறைபனி விழும் இடமானால் ஃபிஸ்டுலோசம் வகை நட்டிருப்பவர்களுக்குக் கவலை குறைவு, அது குளிர் தாங்கும்.

வெளியே இடமில்லாதவர்கள் எல்இடி வளர்ப்பு விளக்கின் கீழ் வளர்க்கலாம். தாளின் நுனியிலிருந்து 15 முதல் 30 செ.மீ. உயரத்தில் விளக்கைத் தொங்கவிட்டு, 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். தாள் உயர உயர விளக்கையும் தூக்க வேண்டும். ஜன்னலோரத் தொட்டி என்றால் சில நாளுக்கு ஒருமுறை திருப்பி வையுங்கள்.

தண்ணீர்

விரலை 2 செ.மீ. மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். தினமும் இத்தனை மணிக்கு ஒரு டம்ளர் என்ற கணக்கு இந்தச் செடிக்குச் சரிவராது; வெயிலில் தினமும் கேட்கும், மேகமூட்டத்தில் மூன்று நாள் தாங்கும். ஊற்றும்போது அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். காலைதான் நல்ல நேரம். இரவு முழுக்க இலை ஈரமாக நின்றால் பூஞ்சை நோய்க்கு வழிவிட்டது போலாகும்.

தண்ணீர் குறைந்த செடியில் காரம் ஏறும், நார் தட்டும். மிருதுவான தாள் வேண்டும் என்றால் ஈரம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரம்

இலைக்காக வளர்க்கும் செடிக்கு முக்கியமாக வேண்டியது தழைச்சத்து (நைட்ரஜன்). தொடக்கத்தில் சேர்த்த மக்கிய உரம் முதல் வெட்டு வரை தாங்கும். அதன்பின் ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைத் தூவி லேசாகக் கிளறிவிடுங்கள். திரவ உரம் என்றால் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி போதும், 2 முதல் 3 வாரத்துக்கு ஒருமுறை. சீக்கிரம் வளரட்டும் என்று உரத்தைக் கூட்டினால் தாள் கொழுத்து, துவண்டு, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு விருந்தாகிவிடும்.

வெள்ளைப் பகுதி நீளமாக வேண்டுமா?

தண்டு பென்சில் தடிமன் வந்தபின், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 முதல் 3 செ.மீ. அளவுக்கு மண்ணோ மக்கிய உரமோ அணையுங்கள். வெளிச்சம் படாத பகுதி பச்சையம் இல்லாமல் வெளுத்து, மிருதுவாக இருக்கும். இதற்காகவே தொட்டியை முதலில் முக்கால் அளவு மட்டும் நிரப்பி வைப்பது புத்திசாலித்தனம். பச்சைத் தாள் மட்டும் போதும் என்பவர்கள் இந்த வேலையை விட்டுவிடலாம்.

வெட்டும் விதம்

தாள் 20 முதல் 25 செ.மீ. உயரம் வந்ததும் வெட்டலாம். இதில் இரண்டு பாணிகள் உண்டு. எல்லாச் செடியையும் மண்ணுக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. விட்டு மொத்தமாகக் கத்தரிப்பது ஒன்று. நிறையக் கிடைக்கும், ஆனால் அடுத்த வெட்டுக்கு 2 முதல் 3 வாரம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு செடியிலும் வெளி இலையை மட்டும் எடுத்து, உள்ளே இரண்டு இலையாவது விட்டு வைப்பது இன்னொன்று. உணவு தயாரிக்க இலை எப்போதும் இருப்பதால் செடி களைக்காது. தினமும் கொஞ்சம் தூவிக்கொள்ள இரண்டாவது பாணியே மேல்.

கூர்மையான கத்தரிக்கோலைப் பயன்படுத்துங்கள். கையால் கிள்ளினால் அடியோடு ஆடி வேர் அறுந்துபோகும். மொத்தமாக வெட்டிய அன்று மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். தாள் குழாய் போல உள்ளே காலி, வெட்டுவாயில் தண்ணீர் தேங்கினால் அழுகக்கூடும். வெட்டிய தாளுக்குள் கண்ணாடி நிறத்தில் ஒரு வழவழப்பு தெரிந்தால் கெட்டுப்போனது என்று எறிய வேண்டாம். அது இயல்பானது, தாராளமாகச் சாப்பிடலாம். வாடை அடித்து, தாளின் வெளிப்புறமும் கொழகொழத்தால்தான் கெட்டது.

மூன்று நான்கு வெட்டுக்குப் பிறகு தாள் மெலிவதைப் பார்த்தால், அந்தச் செடியை மண்ணை நனைத்து வேரோடு பிடுங்கிச் சமைத்துவிடுங்கள். ஃபிஸ்டுலோசம் வகை மட்டும் பக்கக்கன்று விட்டுக் கொத்தாகப் பெருகும். நெருக்கியடிக்கும்போது கொத்தைத் தோண்டி எடுத்து, ஒவ்வொன்றும் வேரோடு இருக்கும்படி பிரித்து மறுபடி நட்டால் ஒரு தொட்டி மூன்றாகும்.

தொட்டிகளை முன்பின்னாக ஓட்டுவது இப்படித்தான்: இன்று ஒரு தொட்டியில் சின்ன வெங்காயம், அதே நாளில் இன்னொன்றில் விதை. இரண்டு வாரம் கழித்து மூன்றாவது தொட்டியில் வேர்க்கட்டைகள். முதல் தொட்டி ஓயும் சமயத்தில் விதைத் தொட்டி தயாராகிவிடும். வெட்டும்போதும் ஒரு வாரம் ஒரு தொட்டி என்று சுற்றி வந்தால் மற்றவை தழைக்க அவகாசம் கிடைக்கும்.

கோளாறுகள்

நுனி மட்டும் மஞ்சளாகிக் காய்ந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். மண் காய்ந்து நனைந்து காய்ந்து நனைவதுதான் வழக்கமான காரணம். ஈரம் சரியாக இருந்தும் காய்ந்தால் உரத்தின் உப்பு சேர்ந்திருக்கலாம். இரண்டு மூன்று முறை நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். வெளிப்பக்கத்துப் பழைய இலைகள் முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. செடி முழுக்க மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்து, அடி அழுகி வாடை அடித்தால் அது அடித்தாள் அழுகல். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அழுகலை உண்டாக்கும் பூஞ்சை மண்ணில் தங்கும். அதனால் அந்த மண்ணில் அடுத்து வெங்காயமோ பூண்டோ வைக்காமல் கீரை, தக்காளி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பூச்சிகளில் பெரிய தொல்லை இலைப்பேன். கண்ணுக்கு எளிதில் படாது. தாளில் வெள்ளி நிறக் கோடும் கீறலும் தெரிந்தால் அதன் வேலை. இலைகள் பிரியும் மடிப்புக்குள் ஒளிந்திருப்பதால் மேலோட்டமாக மருந்து தெளித்துப் பயனில்லை. முதல் வைத்தியமாக, தாளையெல்லாம் மொத்தமாக வெட்டி அப்புறப்படுத்திவிடலாம். பூச்சியின் பெரும்பகுதி அதோடு போய்விடும், செடி மறுபடி தழைக்கும். இந்தச் சௌகரியம் பல காய்கறிகளுக்கு இல்லை. திரும்ப வந்தால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் மடிப்புக்குள் இறங்கும்படி தெளியுங்கள். தெளித்தபின் சில நாள் கழித்து, நன்றாகக் கழுவிச் சமையுங்கள். அசுவினிக்கு அழுத்தமான தண்ணீர்ப் பீச்சலே பெரும்பாலும் போதும். மண்ணின் மேல் சின்னக் கொசு மாதிரிப் பூச்சி பறந்தால் மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம்; தண்ணீரைக் குறைத்து மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைச் செருகுங்கள்.

மழைக்காலத்தில் தாளில் ஊதா நிறப் புள்ளி வட்டமாகப் பரவினால், பட்ட இலையை வெட்டி எறிந்து, செடிகளைக் கலைத்துக் காற்றோட்டம் கொடுங்கள், தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் தொட்டியை அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வெங்காயக் குடும்பம் முழுவதும், பச்சையாகவும் சரி சமைத்தும் சரி, அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பறித்ததை வைத்திருக்க

செடியிலேயே விட்டு வைப்பதுதான் சிறந்த சேமிப்பு. அதிகமாக வெட்டிவிட்டால் ஈரம் துடைத்து, லேசாக நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும். பொடியாக நறுக்கி, நன்றாக உலர்த்தி ஃபிரீசரிலும் போடலாம். மொறுமொறுப்பு போய்விடும், கொதிக்கும் சமையலுக்குக் குறையில்லை.

பூக்கும்போது

குளிர் நாட்களைக் கடந்து வளர்ந்த செடி, நடுவில் உருண்டையான தடித்த காம்பை நீட்டி நுனியில் மொட்டு வைக்கும். தாள்தான் வேண்டும் என்றால் மொட்டைக் கண்டதும் காம்பை அடியோடு வெட்டுங்கள், இல்லாவிட்டால் இலைகள் நார் தட்டிப்போகும். பூவையும் சாப்பிடலாம், மிதமான வெங்காயச் சுவை. ஓரிரண்டு செடியை மட்டும் பூக்க விட்டால் தேனீக்கள் வரும், பிறகு விதையும் கிடைக்கும். பூத்தலை காய்ந்து வெடித்துக் கறுப்பு விதை தெரியத் தொடங்கியதும், காம்போடு வெட்டி ஒரு காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டால் விதை தானே உதிரும். கலப்பின ரகமாக இருந்தால் தாய்ச்செடி போலவே வரும் என்று சொல்ல முடியாது. மற்ற ரகங்களின் விதையை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் தேதி எழுதி ஃபிரிட்ஜில் வைத்து, அந்த வருடத்துக்குள்ளேயே விதைத்துவிடுங்கள்.